அப்பத்தா பார்க்கிற டிவியை நிறுத்தலாமா?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பழைய காலத்து வீடு. மாமனார் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்து மாமியார் (வயது 76) எந்நேரமும் டிவி முன்னால்தான். விடிகாலை திருப்பதி நேரலையில் தொடங்கினால் ராத்திரி பத்தரைக்குக் கடைசி சீரியல் முடிகிறவரை பட்டாலையில் (கூடத்தில்) டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தம் தெருமுனைக்குக் கேட்கிறது. என் மகள் பிளஸ் டூ. ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை என்கிறாள். மாமியார் சில நேரம் டிவியில் வருகிறவர்களோடு பேசுகிறார், திட்டவும் செய்கிறார். பாதி நேரம் சாய்வு நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். அணைத்தால் உடனே விழித்துக்கொண்டு "ஏன் அமத்துனே?" என்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் பகலில் தனியாகத்தான் இருக்கிறார். கேபிளை வெட்டிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அவரை டிவி பார்க்க விடலாம்?
— ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில் (முதியோர் நலம், ஆக்குபேஷனல் தெரபி – அன்றாடச் செயல்களை எளிதாக்கும் சிகிச்சைத் துறை):

கேபிளை வெட்ட வேண்டாம், சகோதரி. மணிக்கணக்கும் வைக்க வேண்டாம். இத்தனை வருடம் அந்த வீட்டை ஆண்டவர் அவர். அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொள்வது, சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து இலையை இழுப்பதற்குச் சமம்.

எங்கள் துறையில் ஒருவருடைய நாளை மூன்று பங்காகப் பார்ப்போம்: தன்னைக் கவனித்துக்கொள்வது, வேலை, ஓய்வுப் பொழுது. மூன்றாவது மற்ற இரண்டும் போக மிஞ்சிய நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. வயதான காலத்தில் வேலை குறையக் குறைய, நாளைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான். டிவி பார்ப்பதும் கோலம் போடுவது, கொட்டான் (ஓலைக் கூடை) முடைவது போல ஒரு செயல். அதற்கென்று ரசனை உண்டு, பழக்கம் உண்டு, பேசித் தீர்க்க ஆள் வேண்டும். ஒரு சீரியலில் இருபது பேருடைய உறவுமுறையையும், நேற்று யார் யாரிடம் என்ன மறைத்தார்கள் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு தினமும் தொடர்வது மூளைக்குச் சின்ன வேலை இல்லை.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற பதினாறு மணி நேரத்தில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அவர் டிவி பார்ப்பது. இன்னொன்று, டிவி சும்மா ஓடுவது. முதலாவதைக் காப்பாற்ற வேண்டும், இரண்டாவதைக் குறைக்க வேண்டும். இரண்டையும் பிரிக்காமல் கேபிளை வெட்டினால் நல்லதுதான் முதலில் போகும்.

உங்கள் மாமியார் வயதுக்காரர்களுக்கு டிவி எப்படி அறிமுகமானது என்று யோசித்துப் பாருங்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. நம் பக்கத்துக் கிராமங்களுக்கு டிவி வந்து சேர அதற்குப் பிறகும் பல வருடம் ஆயிற்று. வந்தபோது தெருவில் ஒரு வீட்டில்தான் பெட்டி இருக்கும். வெள்ளிக்கிழமை இரவு சினிமாப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை படம். மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் "தெரியுது, தெரியுது" என்று கத்த, பட்டாலை நிறைய ஆட்கள். அன்று அது நாள் பார்த்து, நேரம் பார்த்து, ஆட்களோடு செய்த காரியம். இன்று அதே பட்டாலையில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார். குறைந்து போனது ஆட்கள்தான். அதை ஈடுகட்டத்தான் டிவி இவ்வளவு நேரம் ஓடுகிறது.

முதலில் மூன்று நாள் குறிப்பு எடுங்கள். அதில் ஒரு நாள் ஞாயிறாக இருக்கட்டும். பகலில் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர் இருந்தால் அவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நான்கே விஷயம்: மணி என்ன, என்ன ஓடியது, அவராகத் தேடி வைத்தாரா அல்லது முந்தையது முடிந்து தானாக ஓடியதா, முடிந்த பின் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் கதை சொல்ல முடிந்ததா. அவராக வைத்து, கதையும் சொல்கிறார் என்றால் அது அவருடைய நிகழ்ச்சி. பெரும்பாலும் நான்கைந்துதான் தேறும். மற்ற நேரமெல்லாம் பெரிய வீட்டின் அமைதியைச் சமாளிக்க ஓடவிட்டது என்று தெரியவரும்.

அடுத்தது சத்தம். இதில்தான் உங்கள் வீட்டில் பாதி பிரச்சினை என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். ஓசை உடனே அடங்காமல் சுற்றி வரும். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடி போல இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை. துணியோ மெத்தையோ அதிகம் கிடையாது. ஒலியை உறிஞ்சிக்கொள்ள அந்த அறையில் ஒன்றும் இல்லை. இதில் இப்போதைய தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்துத்தான் இருக்கிறது. பேச்சு முதலில் சுவரிலும் தரையிலும் மோதி, பிறகுதான் காதுக்கு வருகிறது.

வயதானால் காதில் முதலில் குறைவது உச்ச ஸ்தாயி ஒலிகள். ச, ஸ, த, க, ட போன்ற மெய்யொலிகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. அவை மங்கிப்போனால் "சத்தம் கேக்குது, என்ன சொல்றான்னுதான் புரியல" என்பார்கள். உடனே ஒலியளவைக் கூட்டுவார்கள். கூட்டினால் உயிரொலியும் பின்னணி இசையும் பெருக்கும், அறையின் எதிரொலியும் கூடவே பெருக்கும், மெய்யொலி மட்டும் அப்படியே மங்கலாக நிற்கும். தெருமுனைவரை கேட்டும் அவருக்குப் புரியாமல் இருப்பது இப்படித்தான். புரியாததைப் பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

இதற்கு வழி, ஒலியை அவருக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. தூரம் பாதியானால் நேரடியாக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். 12 அடியில் இருந்ததை 3 அடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். அதாவது பேச்சு அவருக்கு முன்போலவே கேட்கும், வீட்டுக்குப் போகிற சத்தத்தை அந்த அளவு குறைத்துவிடலாம். ஒரு சின்ன ஸ்பீக்கரை நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில், காது மட்டத்துக்கு, இரண்டு மூன்று அடி தூரத்தில் வையுங்கள். வயர் வழியாக இணைப்பது நல்லது. புளூடூத்தில் ஒலி விநாடியில் ஒரு சிறு பங்கு தாமதித்து வரும். உதடு அசைந்து முடிந்த பின் வார்த்தை வந்தால், உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்கிற வயதானவர்களுக்குப் பெரிய தொந்தரவு. புளூடூத்தான் வசதி என்றால் டிவியின் ஒலி அமைப்பில் ஒலி–ஒளி நேரத்தைச் சரிசெய்யும் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். வயரைத் தரையில் குறுக்கே விடாதீர்கள், சுவரோரமாகக் கொண்டுபோய் ஒட்டிவிடுங்கள்.

டிவி மெனுவில் சரவுண்ட், சினிமா வகை ஒலியை எடுத்துவிட்டு, பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பைப் போடுங்கள். விளம்பரம் வந்ததும் சத்தம் எகிறாமல் இருக்க ஆட்டோ வால்யூம் உதவும். செட்டாப் பாக்ஸுக்கு ஓர் ஒலியளவு, டிவிக்கு ஓர் ஒலியளவு என்று இரண்டு இருப்பதையும் கவனியுங்கள். பாக்ஸ் அளவைக் குறைவாக விட்டு டிவியை முழுக்கக் கூட்டினால் இரைச்சல்தான் வரும். பாக்ஸை முக்கால் அளவுக்கு மேல் நிறுத்திவிட்டு டிவியில் கூட்டிக் குறையுங்கள். நாற்காலிக்கு எதிர்ச்சுவரிலும் பின்சுவரிலும் கனமான திரைத்துணி தொங்கவிட்டால் எதிரொலி நன்றாகவே அடங்கும். ஜமுக்காளம் விரிப்பதானால் அவர் நடக்கிற வழியில் வேண்டாம், ஓரம் தடுக்கி விழுவார்.

இனி கண். பட்டாலை டிவியைச் சுவரில் உயரத்தில் மாட்டிவிட்டு, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நாற்காலி போடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். 32 அங்குல டிவிக்கு நாலரை அடி, 43 அங்குலத்துக்கு ஆறடி அளவில் உட்கார்ந்தால்தான் முகபாவமும் கீழே ஓடும் எழுத்தும் சரியாகத் தெரியும். பக்கத்தில் பார்த்தால் கண் கெடும் என்பது பழைய பயம், அதை விட்டுவிடலாம். திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் இருக்கட்டும்.

சாய்வு நாற்காலியில் ஒரு சிக்கல் உண்டு. அவர் இரட்டைப் பவர் கண்ணாடி போடுகிறவராக இருந்தால், சாய்ந்து படுத்ததும் பார்வை கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் போகும். அது படிப்பதற்கான பவர். ஆறடியில் இருக்கும் திரை அதில் மங்கும். கழுத்தை மடக்கி, தாடையை நெஞ்சில் இடித்துக்கொண்டு பார்ப்பார், கொஞ்ச நேரத்தில் கழுத்து வலி, அப்புறம் தூக்கம். அதோடு தாழ்வான நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவே யோசிப்பார், எழாமலே மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடுவார். கைப்பிடி உள்ள, 17 அல்லது 18 அங்குல உயரமான, நேராக முதுகு கொடுக்கும் நாற்காலி போடுங்கள். இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். சாய்வு நாற்காலி மத்தியானத் தூக்கத்துக்கு என்று தனியாக இருக்கட்டும், டிவிக்கு எதிரே வேண்டாம்.

வளவிலிருந்து (நடு முற்றத்திலிருந்து) வரும் வெளிச்சம் திரைக்குப் பக்கவாட்டில் விழ வேண்டும். திரைக்கு நேர் எதிரே வளவு இருந்தால் முற்றமே திரையில் பிரதிபலிக்கும். திரைக்குப் பின்னால் இருந்தால் கண் கூசும். கண்புரை இருப்பவருக்கு இந்தக் கூச்சம் இரண்டு மடங்கு தொல்லை. இதற்கெல்லாம் வசதி என்று டிவியை அவர் படுக்கையறைக்கு மாற்றிவிடாதீர்கள். பட்டாலையில் இருந்தால் போகிறவர் வருகிறவராவது இரண்டு வார்த்தை பேசுவார்கள். அறைக்குள் போனால் அதுவும் போய்விடும்.

ரிமோட்டில் அவர் தடுமாறுகிறாரா பாருங்கள். தவறுதலாக சோர்ஸ் பட்டனை அமுக்கிவிட்டு, திரை நீலமாகிப்போய், நீங்கள் சாயங்காலம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அணைத்தால் மறுபடி போடத் தெரியாதோ என்ற பயத்தில்தான் பலர் அணைப்பதே இல்லை. பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளில் டிவியின் பவர், வால்யூம் பட்டன்களையும் பழக்கிவிடும் வசதி இருக்கிறது. அதைச் செய்து ஒரே ரிமோட் ஆக்குங்கள். வேண்டாத பட்டன்கள் மேல் துணி பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். பவர் பட்டனில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் கண்ணாடி இல்லாமலே விரல் கண்டுபிடித்துக்கொள்ளும். பிடித்த ஏழெட்டு சேனலை ஃபேவரிட்டில் போட்டு, அந்த எண்களை மாதக் காலண்டரின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் நேரத்தைப் பற்றிப் பேச்சு. அவருடைய நான்கைந்து நிகழ்ச்சிகளை அவரையே சொல்லச் சொல்லி அதே காலண்டரில் மணியோடு குறியுங்கள். அந்த நேரத்தில் யாரும் குறுக்கே பேசக் கூடாது, கடைக்கு அனுப்பக் கூடாது. அவருடைய நேரத்துக்கு நீங்கள் மரியாதை கொடுத்தால்தான் மற்ற நேரத்தில் அணைப்பதற்கு அவர் சம்மதிப்பார். நிகழ்ச்சி முடிந்ததும் அணைக்கும் கை அவருடையதாகவே இருக்கட்டும்.

அணைப்பது ஏன் கடினம் என்பதற்கு ஓர் ஆய்வு விடை சொல்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் கூபி, மிஹாய் சிக்ஸென்ட்மிஹாய் இருவரும், ஆட்களிடம் பேஜர் கொடுத்து நாளில் பல தடவை "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எப்படி இருக்கிறது" என்று கேட்டு, 1990இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பார்க்கும்போது மனம் தளர்ந்து இதமாக இருக்கிறது, அணைத்ததும் அந்த இதம் சட்டென்று போய்விடுகிறது, மந்தம் மட்டும் கொஞ்ச நேரம் தங்குகிறது. அதனால் அணைத்த அடுத்த நிமிடத்துக்கு ஏதாவது தயாராக இருக்க வேண்டும். ஒரு டம்ளர் காப்பி, மகளுக்கு ஒரு போன், வாசலில் விளக்கேற்றுவது, எதுவானாலும் சரி. வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் ரேடியோ வையுங்கள். உங்கள் ஊரில் கோடை பண்பலை 100.5 எடுக்கிறதா பாருங்கள். ரேடியோ கேட்டுக்கொண்டே நடக்கலாம், கீரை ஆயலாம். டிவி நாற்காலியில் கட்டிப்போட்டுவிடும்.

கை பழகியவர் என்றால் பார்க்கும்போதே கைவேலை கொடுக்கலாம். நனைத்த ஓலையில் கொட்டான் முடைவது, பூத் தொடுப்பது, புளி கொட்டை எடுப்பது. அரிவாள்மனை மட்டும் வேண்டாம், கண் திரையில் இருக்கும். நொறுக்குத் தீனி டப்பாவோடு பக்கத்தில் இருக்கக் கூடாது. கதையில் மனம் போனால் கை எண்ணாது. நாலு சீடை, ஒரு தேன்குழல் என்று கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு டப்பாவை உள்ளே வைத்துவிடுங்கள்.

விளம்பர இடைவேளையை அவர் காலுக்கு ஒதுக்கிவிடுங்கள். அரை மணி நேரச் சீரியலில் இரண்டு மூன்று இடைவேளை வரும். முதல் இடைவேளையில் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை. அடுத்ததில் நாற்காலிக் கையைப் பிடித்து ஐந்து தடவை எழுந்து உட்காருவது. மூன்றாவதில் வளவை ஒரு சுற்று, வருகிற வழியில் தண்ணீர். கால் வீக்கம், மூட்டுப் பிடிப்பு, விழுந்துவிடுவோமோ என்ற பயம் மூன்றுக்கும் இது உதவும். எழும்போது தலைசுற்றினால் நிறுத்திவிட்டு இரத்த அழுத்தம் பாருங்கள்.

டிவியோடு பேசுகிறார் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அது இயல்பு. திரையில் தினமும் பார்க்கிறவரோடு ஒருவிதப் பழக்கம் உண்டாவதை டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956இலேயே எழுதிவிட்டார்கள். வில்லியைத் திட்டுகிறவருக்கு அது கதை என்று தெரியும். ஆனால் டிவியில் வருகிறவருக்கும் சேர்த்துக் காப்பி எடுத்து வைப்பது, "அவங்க வீட்டுக்குள்ள வந்துட்டாங்க" என்று பயப்படுவது, திரையில் இருப்பவர் தன்னைப் பார்க்கிறார் என்று சேலையை இழுத்து மூடிக்கொள்வது இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். அது மறதி நோயின் அடையாளமாக இருக்கலாம். நேற்றுவரை ரசித்த சீரியலின் கதையைத் தொடர முடியவில்லை என்றாலும், ரசித்த எதிலுமே இப்போது நாட்டம் இல்லை என்றாலும் அப்படியே. துக்கம் மனச்சோர்வாக உறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கோயிலுக்குப் போவதை விட்டதற்கு டிவியைக் குற்றம் சொல்வதற்கு முன் அவரிடமே மெதுவாகக் கேளுங்கள். முழங்கால் வலியால் படி ஏற முடியவில்லையா, சிறுநீர் அடக்க முடியாத பயமா, நாலு பேர் பேசுவது காதில் விழாத கூச்சமா, கணவரோடு போன இடத்துக்குத் தனியாகப் போக மனம் வரவில்லையா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. கடைசிக் காரணம் என்றால் முதல் நான்கு வெள்ளியும் நீங்கள் கூடப் போக வேண்டியிருக்கும்.

டிவியே அவரை வெளியே அழைத்துப் போகவும் செய்யும். பண்டிகை நாள் பட்டிமன்றத்தை விரும்பிப் பார்க்கிறாரா? 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழகத்தின் மேடை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பட்டிமன்றத்தை வளர்த்த மேடைகளில் அது முக்கியமானது. பங்குனியில் காரைக்குடியில் நடந்து, நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியில் நிறைவடையும் விழாவுக்கு ஒரு மாலை மட்டும் கூட்டிப்போங்கள். முன்வரிசையில் ஓரத்து நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை, கழிப்பறை எங்கே என்று முன்கூட்டியே பார்த்துவைப்பது, இவ்வளவு போதும்.

தினப்படிக்கு ஒரு துணை வேண்டும். வெளியூரில் மகளோ தங்கையோ இருந்தால் இருவரும் ஒரே சீரியலைப் பார்த்துவிட்டு, முடிந்ததும் பத்து நிமிடம் போனில் பேசட்டும். உங்கள் மகள் ராத்திரிச் சாப்பாட்டில் "அப்பத்தா, இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும், கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதில்லை.

அவளுடைய படிப்புக்கு: ஸ்பீக்கர் பக்கத்தில் வந்ததுமே பாதிச் சத்தம் குறையும். தேர்வு நாட்களில் மட்டும் மாலை இரண்டு மணி நேரம் ஹெட்போன் போட்டுக்கொள்வாரா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதுதான். தனியாக இருக்கும் பகலில் போட்டுக்கொண்டால் வாசலில் ஆள் கூப்பிடுவதும், அடுப்பில் குக்கர் கத்துவதும் காதில் விழாது.

கணவரிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். முதல் வாரம் குறிப்பு, இரண்டாவது வாரம் நாற்காலியும் ஒலியும், பிறகு காலண்டர். எதற்கும் பணம் போடுவதற்கு முன்னால் மாமியாரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எண்ணெய் காய்ச்சி விடுவது, ஹேர்பின்னால் குடைவது எதுவும் வேண்டாம். காதில் அழுக்கு அடைத்திருந்தால் அதை எடுத்ததுமே, நீங்கள் வாங்க நினைத்த ஸ்பீக்கருக்கு அவசியமில்லாமல் போவதும் உண்டு.